வெறுப்புப் பேச்சை எதிர்கொள்ள ஊடகக் கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு ஊடகக் கல்வி தர நினைக்கும் ஆசிரியர்கள், பெற்றோர், நூலகர்கள், இளைஞர் குழுக்களை நடத்துபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. இங்கே கவலை கொஞ்சம் வேறு. ஒரு கூட்டத்தார் மீது இன்னொரு கூட்டத்தாருக்கு வெறுப்பை வளர்க்கும் செய்திகளை எப்படிப் படிப்பது, அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஊடகக் கல்வி என்றால் ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதுதானே?

அது பாதிதான். வெறுப்பைப் பரப்பும் பதிவுகளில் பல, பொய்யே சொல்லாமல் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. ஒரு திருட்டு நிஜமாகவே நடந்தது, ஒருவர் பிடிபட்டார், அவர் பெயர் வெளியானது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து இப்படி ஒரு ஃபார்வர்ட் கிளம்புகிறது: "மறுபடியும் அவர்கள்தான்! எந்தச் சேனலும் இதைக் காட்டாது. நம் வீட்டுப் பெண்கள் ஜாக்கிரதை. டெலீட் ஆவதற்குள் பகிருங்கள்."

செய்திச் சரிபார்ப்புத் தளத்தில் தேடினால் "திருட்டு நடந்தது உண்மை" என்றுதான் வரும். ஆனால் ஃபார்வர்டை ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். "மறுபடியும்" என்பது ஒரு சம்பவத்தைத் தொடர்கதை ஆக்குகிறது. முந்தைய சம்பவங்கள் எவை என்று சொல்வதில்லை. "அவர்கள்" என்றதும் ஒரு ஆள் செய்த குற்றம் ஒரு கூட்டத்தின் குணமாகிவிடுகிறது. "எந்தச் சேனலும் காட்டாது" என்பதால், நாளைக்கு மறுப்பு எங்கிருந்து வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. திருட்டுக்கும் பெண்களுக்கும் சம்பந்தமே இல்லை. படிப்பவரைப் பயமுறுத்தத்தான் அந்த வரி. "டெலீட் ஆவதற்குள்" என்பது யோசிக்கும் நேரத்தைப் பறிக்கிறது.

எனவே பிள்ளைகள் இரண்டு கேள்விகளைப் பழக வேண்டும். இது உண்மையா? இது யாரைப் பற்றி என்னை என்ன நினைக்கச் சொல்கிறது? இரண்டாவது கேள்வி இல்லாத ஊடகக் கல்வி, உண்மைத் துணுக்குகளால் கட்டப்பட்ட வெறுப்பின் முன்னால் கைகட்டி நிற்கும். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதை ஒட்டியவைதான்.

எது வெறுப்புப் பேச்சு? கோபத்தில் திட்டுவதெல்லாம் அதில் சேருமா?

சேராது. 2019-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட செயல்திட்டம் தரும் விளக்கம் வகுப்பறைக்கு உதவும். மதம், இனம், தேசியம், நிறம், வம்சாவளி, பாலினம் போன்ற அடையாளத்தை வைத்து ஒருவரையோ ஒரு குழுவையோ தாக்குவது, இழிவுபடுத்துவது, பாகுபாடு காட்டும் விதத்தில் பேசுவது ஆகியவை அதில் வருகின்றன. பேச்சு மட்டுமல்ல, எழுத்தும் நடத்தையும் சேரும். நடைமுறையில் மீமும் ஸ்டிக்கரும் கூடத்தான்.

சட்டப்படி தண்டிக்க வேண்டிய அளவு எது என்பது தனிக் கேள்வி. 2012-இல் மொராக்கோவின் ரபாத் நகரில் உருவான ஐ.நா. செயல்திட்டம் அதற்கு ஆறு அளவுகோல்களைச் சொல்கிறது: சொல்லப்பட்ட சூழல், சொன்னவரின் நிலை, அவரது நோக்கம், சொன்ன விஷயமும் விதமும், எவ்வளவு பேரைச் சென்றடைந்தது, தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த ஆறையும் கொடுத்து ஒரு பதிவை அலசச் சொல்லிப் பாருங்கள். ஒரே வாக்கியத்தை ஒரு மாணவன் கிண்டலாகச் சொல்வதும், பதற்றமான நேரத்தில் பெரிய தலைவர் ஒருவர் மேடையில் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இது கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவது ஆகாதா?

அரசை, தலைவரை, கொள்கையை, ஒரு நம்பிக்கையைக் கடுமையாக விமர்சிப்பது வெறுப்புப் பேச்சு அல்ல. பிறப்பாலோ அடையாளத்தாலோ மனிதர்களையே குறிவைப்பதுதான் வெறுப்புப் பேச்சு. பிடிக்காத விமர்சனத்துக்கெல்லாம் "வெறுப்புப் பேச்சு" என்று பெயர் சூட்டி வாயை அடைக்கும் அதிகாரிகளும் உண்டு. அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே கோடு கிழிப்பது என்று அவர்கள் வகுப்பில் சண்டை போடட்டும். அந்தச் சண்டையும் பாடம்தான்.

வெறும் வார்த்தைகள்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி தொடங்கியது. அது தொடக்கத்திலேயே கொலை செய்யச் சொல்லவில்லை. நல்ல பாட்டுப் போட்டது, தெருப்பேச்சு மொழியில் அரட்டை அடித்தது, நகைச்சுவை சொன்னது. இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தப் பாட்டுக்கும் சிரிப்புக்கும் நடுவே, அந்நாட்டின் சிறுபான்மை இனத்தவரான டுட்சி மக்களைக் "கரப்பான்பூச்சிகள்" என்று சொல்வது பழக்கமானது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது அதே வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் இருப்பிடங்களையும் ஒலிபரப்பியது. சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். இதற்காக அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2003 டிசம்பரில், அந்த வானொலியை நிறுவியவர்களில் இருவரையும் வெறுப்பை வளர்த்த பத்திரிகை ஒன்றின் ஆசிரியரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

இதை எல்லாக் கிண்டலும் படுகொலையில் முடியும் என்று பயமுறுத்தச் சொல்லக் கூடாது. பெரும்பாலான வெறுப்புப் பேச்சு அவ்வளவு தூரம் போவதில்லை. கவனிக்க வேண்டியது படிகளைத்தான். முதலில் சிரிக்க வைத்தார்கள். அப்புறம் மனிதரைப் பூச்சியாக்கினார்கள். அப்புறம் "அவர்கள் நம்மைத் தாக்கப் போகிறார்கள், நாம் முந்திக்கொள்ள வேண்டும்" என்றார்கள். மனிதரைப் பூச்சி, நோய், அழுக்கு, வெள்ளம் என்று எங்கே படித்தாலும் ஒரு நிமிடம் நிற்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அதுவே பெரிய காரியம்.

கருத்து வேறுபாடும் சமூகப் பிளவும் ஒன்றுதானா?

இல்லை. கருத்து வேறுபாடு ஆரோக்கியமானது, அதை ஒழிக்க ஊடகக் கல்வி வரவில்லை. எதிர்க்கருத்து உள்ளவரையே மோசமான ஆளாக, ஆபத்தாகப் பார்க்கத் தொடங்குவதுதான் பிளவு. இதில் ஊடகத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களும் மறுபக்கத்தில் தீவிரக் கருத்து உள்ளவர்கள் உண்மையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதாக நினைத்திருந்தது தெரிந்தது. மறுபக்கத்தில் உரக்கக் கத்துபவர்கள்தான் நம் திரைக்கு வருகிறார்கள். அமைதியாக இருக்கும் பெரும்பான்மையை நாம் பார்ப்பதே இல்லை. "இந்த வீடியோவில் இருப்பவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார்? அது எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

இதையெல்லாம் பரப்புவது போலிக் கணக்குகளும் இயந்திரங்களும்தானே? நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு?

2018-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதில் ஆராய்ந்திருந்தார்கள். பொய்ச்செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பொய்யை வேகமாகக் கொண்டுபோனது மனிதர்களின் விரல்தான். புதிதாகவும் திடுக்கிட வைப்பதாகவும் இருப்பது அதற்கு ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவார்கள். 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக் பயன்படுத்தியவர்களைப் பற்றிய ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பொய்ச்செய்தித் தளம் எதன் இணைப்பையும் பகிரவே இல்லை என்று தெரிந்தது. பகிர்ந்தவர்கள் சிறு கூட்டம். பெரும்பான்மையோர் ஒழுங்காகத்தான் நடக்கிறார்கள் என்று தெரிந்தால், தானும் அப்படி இருக்கலாம் என்ற துணிவு வரும்.

சரிபார்ப்பதை எப்படிச் சொல்லித்தருவது? தளத்தின் வடிவம், எழுத்துப்பிழை எல்லாம் பார்க்கச் சொல்கிறோம்.

அந்தப் பழைய பட்டியல் இப்போது போதாது. வெறுப்பைப் பரப்பும் தளங்கள் அழகாகவே வடிவமைக்கப்படுகின்றன, எழுத்துப்பிழையும் இருக்காது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்து, இவற்றை நம்பலாமா என்று கேட்டார்கள். நன்றாகப் படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து மேலும் கீழும் படித்து, அழகான லோகோவைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் தளத்தை விட்டு வெளியே வந்து, புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க, நீங்களே திரையில் செய்து காட்டுவதுதான் சிறந்த வழி. வாய்விட்டு யோசியுங்கள்: "இந்தப் படம் எங்கே எடுத்தது என்று போடவில்லையே. சரி, படத்தை வைத்தே தேடுகிறேன். இதே படம் ஐந்து வருடம் முன்னாடி வேறொரு நாட்டுச் செய்தியில் வந்திருக்கிறது." வெறுப்புக்குப் பயன்படும் படங்களில் பழைய படத்துக்குப் புதுத் தலைப்பு ஒட்டும் தந்திரம் மிகச் சாதாரணம். அதைக் கண்ணெதிரே ஒருமுறை பிடித்துவிட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

"எதையும் நம்பாதே" என்று பழக்குவது பாதுகாப்பானது இல்லையா?

ஆபத்தானது. எல்லாமே பொய், எல்லா ஊடகமும் விலைபோனது என்று நம்பும் பிள்ளை எளிதில் சிக்கிக்கொள்ளும். வெறுப்பு வியாபாரிகள் சொல்வதும் அதையேதான்: "யாரையும் நம்பாதே, என்னைத் தவிர." தொழில்நுட்பத்தையும் இளைஞர்களையும் பல ஆண்டுகளாக ஆராயும் டேனா பாய்ட் 2018-இல் இந்த எச்சரிக்கையை வெளிப்படையாகவே வைத்தார்: சந்தேகத்தை மட்டும் வளர்க்கும் ஊடகக் கல்வி, பிள்ளைகளைச் சதிக் கதைகளின் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

ஆகவே பயிற்சியில் பொய்களை மட்டும் கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் உண்மையானவையாக இருக்கட்டும். "இதை நம்பலாம், ஏனென்றால்..." என்று காரணம் சொல்லத் தெரிந்தவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஒரு நல்ல செய்தியாளர் எப்படி இரண்டு மூன்று பேரிடம் உறுதி செய்துகொள்கிறார், தவறு நேர்ந்தால் திருத்தம் எப்படி வெளியிடப்படுகிறது என்று காட்டுங்கள். யாரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடும் திறனே நமக்கு வேண்டியது.

நிஜமான வெறுப்புப் பதிவுகளை வகுப்பில் காட்டலாமா?

மிகவும் யோசித்துத்தான். அந்தப் பதிவு யாரைத் தாக்குகிறதோ அந்தச் சமூகத்துப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். நமக்குப் பாடமாக இருப்பது அந்தப் பிள்ளைக்குக் காயம். "நீ அந்தச் சமூகம்தானே, உனக்கு எப்படி இருந்தது சொல்லு" என்று எழுப்பி நிறுத்துவது அதைவிடக் கொடுமை, ஒருபோதும் செய்யாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கூற்றை அடிக்கடி கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்று 1977 முதலே உளவியல் ஆய்வுகள் காட்டிவருகின்றன. அவதூறைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டுவிட்டு, கீழே சின்னதாக "இது பொய்" என்றால், மனதில் நிற்பது அவதூறுதான். உண்மையில் தொடங்குங்கள், பொய்யை ஒருமுறை சுருக்கமாகக் குறிப்பிட்டு, அது என்ன தந்திரம் செய்கிறது என்று சொல்லி, மறுபடியும் உண்மையில் முடியுங்கள். கற்பனையான குழுக்களை வைத்தும் பயிற்சி செய்யலாம். "நீலச் சட்டைக்காரர்கள்" பற்றி ஒரு ஃபார்வர்ட் எழுதச் சொன்னாலே எல்லாத் தந்திரமும் வெளியே வந்துவிடும், யாருக்கும் வலிக்காது.

ஒரு மாணவரே வகுப்பில் வெறுப்பாகப் பேசினால்?

முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு அது தேவை. "இங்கே யாரையும் அப்படிச் சொல்ல விடமாட்டேன்" என்ற ஒரு வரி போதும். எல்லோர் முன்னும் அவமானப்படுத்த வேண்டாம். அவமானப்பட்ட பிள்ளை, தன்னைக் கைதட்டி வரவேற்கும் இடத்தைத் தேடிப் போகும். அப்புறம் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்: "இதை எங்கேப்பா பார்த்தே?" பதில் பெரும்பாலும் ஒரு சேனலாகவோ ஒரு குரூப்பாகவோ வீட்டுப் பேச்சாகவோ இருக்கும். வீட்டுப் பேச்சு என்றால் பெற்றோரைக் குறை சொல்லாமல் பேச வேண்டும். குடும்பத்துக்கும் வகுப்புக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளை குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், அது நியாயமும்கூட.

முன்கூட்டியே தயார்படுத்தும் முறை என்கிறார்களே, அது பலன் தருமா?

ஓரளவு தருகிறது. பலவீனமான கிருமியைச் செலுத்தி உடலைப் பழக்கும் தடுப்பூசிபோல, ஏமாற்றும் உத்திகளை முன்கூட்டியே சிறிய அளவில் காட்டிவிட்டால் மனம் தயாராகிவிடும் என்பது 1960-களில் உளவியலாளர் வில்லியம் மக்குவயர் சொன்ன கருத்து. அதை அடிப்படையாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் நெதர்லாந்துக் குழு ஒன்றும் 2018-இல் ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் விளையாடுபவரே பொய்ச்செய்தி வியாபாரி ஆகி, ஆள்மாறாட்டம், உணர்ச்சியைத் தூண்டுதல், பிளவுபடுத்துதல், சதிக்கதை, மறுப்பவர் மீது சேறு பூசுதல், சீண்டுதல் என்ற ஆறு உத்திகளைப் பயன்படுத்த வேண்டும். விளையாடியவர்கள் உத்திகளை அடையாளம் காண்பதில் முன்னேறினார்கள். ஆனால் இந்தப் பலன் நாளாக ஆகக் குறைந்துபோகிறது. ஒருமுறை நடத்திவிட்டு முடிந்தது என்று நினைக்காமல், இடைவெளி விட்டுத் திரும்ப நடத்த வேண்டும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கதை கேட்கும் வயதிலேயே. "இதே கதையை அந்த ஓநாய் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருக்கும்?" என்பது ஐந்து வயதுக்கான ஊடகக் கல்வி. பின்லாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள அடிப்படைப் பாடத்திட்டத்தில் இது தனிப் பாடம் அல்ல. கணக்கு, ஓவியம், தாய்மொழி எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது. கண்ணை ஏமாற்றும் புள்ளிவிவர வரைபடத்தைக் கணக்கு ஆசிரியரே பிரித்துக் காட்டுவது எவ்வளவு நல்லது.

வீட்டுப் பெரியவர்கள் அனுப்பும் ஃபார்வர்டை என்ன செய்வது?

குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னும் திருத்தாதீர்கள். தனியே அனுப்புங்கள், மரியாதையோடு: "பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோ ரொம்பப் பழசாம், வேற நாட்டில் எடுத்ததாம். லிங்க் அனுப்பியிருக்கேன், பாருங்க. குரூப்ல நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும்." அவரே திருத்தினால் அவர் மரியாதையும் நிற்கும், செய்தியும் நம்பப்படும். முன்னே சொன்ன ஃபேஸ்புக் ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இளையவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாகப் பொய்ச்செய்தி பகிர்ந்திருந்தார்கள். ஊடகக் கல்வியைப் பள்ளியோடு நிறுத்துவது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

கண்டிப்பதற்காகப் பகிர்வது தவறா?

பெரும்பாலும் தவறு. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையாகவே ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. பரப்பியவர்களில் அதிர்ச்சியால் பகிர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். கொலைகாரனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்போதைய பிரதமர் ஜசிண்டா ஆர்டர்ன், அவன் பெயரையே உச்சரிக்க மாட்டேன் என்றார். புகார் கொடுங்கள், ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக்கப்பட்டவர்களோடு நில்லுங்கள். மூலப் பதிவை மட்டும் பரப்பாதீர்கள்.

எல்லாச் சுமையையும் படிப்பவர் தலையில் கட்டுவது நியாயமா?

இல்லை. கோபத்தைக் கிளறும் பதிவை மேலே ஏற்றும் அல்காரிதத்தை ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளையால் திருத்த முடியாது. மியான்மரில் தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நிறுவனங்கள் மனம் வைத்தால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதிகம் ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள். தாங்கள் பயன்படுத்தும் தளத்திடம் கேள்வி கேட்பதும் ஊடகக் கல்விதான்.

திரைக்கு வெளியே நடக்க வேண்டியதும் உண்டு. சம மதிப்போடு, பொதுவான ஒரு வேலைக்காகச் சேர்ந்து உழைக்கும்போது குழுக்களுக்கு இடையே முன்முடிவு குறைகிறது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். நேரில் பழகாத மக்களைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் நம்புவது எளிது.

ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

நிஜமான, சாதாரணமான ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: சாலை விபத்து, வாடகைத் தகராறு, ஏதாவது ஒன்று. முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் படித்து, "என்ன நடந்தது?" என்று ஒரே வரியில் எழுதட்டும். பிறகு நான்கு குழுக்களாகப் பிரித்து, அதே தகவல்களை மாற்றாமல் தலைப்பை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு குழு பயம் வரும்படி, ஒரு குழு கோபம் வரும்படி, ஒரு குழு இரக்கம் வரும்படி, ஒரு குழு நடந்ததை நடந்தபடி. தலைப்புகளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் யார் மீது பழியைத் திருப்புகிறது, எதை விட்டுவிட்டது என்று பேச விடுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும், சமீபத்தில் தன் போனுக்கு வந்து கோபத்தைக் கிளறிய செய்தி ஒன்றை நினைத்து, அது எந்தக் குழுவின் தலைப்பைப் போல் இருந்தது என்று பெயர் எழுதாமல் ஒரு தாளில் எழுதித் தரட்டும். அந்தத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வேறொரு செய்தியோடு இதே பயிற்சியைச் செய்யும்போது, பிள்ளைகளின் பார்வை எவ்வளவு கூர்மையாகியிருக்கிறது என்று ஒப்பிட அவை வேண்டும்.